லூசெட் மூழ்கிய பின் மிஞ்சிய படகு

பழைய பாய்மரப் படகு ஒன்றை விலை பேசப் போகிறவர் எதையெல்லாம் பார்ப்பார்? நீளம், படுக்கைகள், அடுப்படி, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு, பாய்களின் வயது. மேல்தளத்தில் கவிழ்த்துக் கட்டியிருக்கும் டிங்கி என்னும் சிறு துணைப் படகைத் தட்டிப் பார்ப்பவர் அரிது. பெரிய படகின் விலைக்குள் அது இனாமாக அடங்கிவிடுகிறது. 1972ஆம் ஆண்டு பசிபிக் பெருங்கடலில் ஆறு பேர் பிழைத்தது மூன்று மீட்டர் நீளமே உள்ள ஒரு டிங்கியால்தான். அந்த ஆறு பேரில் இருவர் சிறுவர்கள்.

ராபர்ட்சன் குடும்பத்துக்கு நேர்ந்ததைப் பலரும் உயிர் தப்பிய சாகசமாகச் சொல்கிறார்கள். இந்த ஆய்வு அதை ஒரு குடும்பம் பழைய படகு வாங்கிக் கடலுக்குப் போன நிகழ்வாக எடுத்துக்கொள்கிறது. எந்தப் படகை வாங்கினார்கள், அது எதற்குத் தாங்கியது, எதற்குத் தாங்கவில்லை, அது போன பிறகு கையில் என்ன இருந்தது என்ற வரிசையில் பார்த்தால், இன்று குடும்பத்தோடு நெடும்பயணம் போக நினைக்கும் எவருக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

குடும்பமும் படகும்

டூகல் ராபர்ட்சன் ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவர். பிறகு கடலை விட்டுவிட்டு, இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் மாட்டுப்பண்ணை வைத்துப் பால் கறந்து வாழ்ந்தார். மனைவி லின் பயிற்சி பெற்ற செவிலியர். மகள் ஆன், மகன் டக்ளஸ், இரட்டையர்களான நீல், சாண்டி என நான்கு பிள்ளைகள். 1968இல் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் தனி ஆளாக உலகைச் சுற்றும் பந்தயம் ஒன்றில் கிளம்பியிருந்தார். அவர் ஓட்டிய சுஹைலி என்ற 32 அடித் தேக்குப் படகு பம்பாயில் கட்டப்பட்டது. அந்தப் பந்தயத்தைப் பற்றி வானொலிச் செய்தியில் கேட்ட நீல், அப்பாவும் மாலுமிதானே, நாமும் உலகத்தைச் சுற்றினால் என்ன என்று கேட்டானாம். சிறுவனின் கேள்வி பெற்றோரின் மனத்தில் தங்கிவிட்டது. பண்ணையை விற்றார்கள்.

அந்தப் பணத்தில் மால்டா தீவில் வாங்கிய படகுதான் லூசெட். 43 அடி நீளம், 19 டன் எடை, இரண்டு பாய்மரங்கள் கொண்ட ஸ்கூனர். மரப்படகு. கட்டிய ஆண்டு 1922. பயணத்தின் இறுதி ஆண்டில் அதற்கு ஐம்பது வயது.

ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்தத் தேர்வு ஏன் சரியாகப் பட்டிருக்கும் என்று நன்றாகவே புரிகிறது. பழைய, கனமான மரப்படகில் கொடுக்கும் பணத்துக்கு நிறைய இடம் கிடைக்கும். பிள்ளைகள் தூங்க இடம், மாதக்கணக்கில் மாவும் அரிசியும் டப்பா உணவும் அடுக்க இடம், மழை நாளில் எல்லோரும் ஒன்றாக உட்காரக் கூடம். கனமான உடல் அலையில் எடை குறைந்த படகைப் போல் எகிறிக் குதிக்காது. மெல்ல ஏறி மெல்ல இறங்கும். குழந்தைகளோடு வாரக்கணக்கில் போகும்போது, வேகத்தைவிட இந்த நிதானம் பெரிது. பாய்களை இரண்டு மரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதால் ஒவ்வொரு பாயும் சிறியதாகிறது. பதின்வயதுப் பையனாலும் அதை இறக்கிக் கட்ட முடியும்.

இதற்கு ஈடாக, பலகைப் படகுக்கே உரிய பலவீனம் ஒன்றையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பலகைகளை வங்குகள் என்னும் விலா எலும்பு போன்ற சட்டங்களின்மேல் ஆணி அடித்துச் சேர்த்து, இடுக்குகளில் பஞ்சுத்திரி திணித்துக் கலப்பத்து செய்த படகு அது. பலகை, ஆணி, வங்கு மூன்றும் சேர்ந்து பிடித்தால்தான் உடல் ஒன்றாக நிற்கும். ஐம்பது ஆண்டுகளில் ஆணியைச் சுற்றியுள்ள மரம் தளரும். வழக்கமான கடல் சுமையைத் தாங்கிக்கொள்ளும் உடலுக்கு, ஒரே இடத்தில் கீழிருந்து விழும் அடியைத் தாங்கத் தனி வலிமை வேண்டும். அத்தகைய அடி விழும் என்று படகு வாங்கும்போது யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டூகலும் எடுத்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் பழைய படகை வாங்கியதால் மூழ்கினார்கள் என்று முடித்துவிடுவது அநியாயம். 1971 ஜனவரி 27 அன்று ஃபால்மத்திலிருந்து கிளம்பிய லூசெட், அட்லாண்டிக்கைத் தாண்டி, கரீபியன் தீவுகளைச் சுற்றி, பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக்கில் இறங்கி, கலாபகோஸ் தீவுகளை அடைந்தது. பதினாறு மாதங்களுக்கு மேல் அவர்களின் வீடு அதுதான். பகாமாஸில் ஆன் பயணத்தை முடித்துக்கொண்டாள். பனாமாவில் ராபின் வில்லியம்ஸ் என்ற 22 வயது பட்டதாரி இளைஞர் ஏறிக்கொண்டார். வாங்கிய வேலையை அந்தப் படகு ஒழுங்காகச் செய்திருந்தது.

1972 ஜூன் 15

அடுத்து அவர்கள் போகவிருந்தது தென்பசிபிக்கில் உள்ள மார்க்கேசஸ் தீவுகளுக்கு. கலாபகோஸிலிருந்து அது ஏறத்தாழ 3,000 கடல் மைல். லூசெட் போன்ற படகுக்கு அது ஒரு மாதத்துக்கு மேற்பட்ட பயணம். அத்தனை நாளும் கரையில் யாரும் அவர்களைத் தேடப் போவதில்லை. தாமதமானால் கவலைப்படவும் முதலில் ஒரு மாதம் கழிய வேண்டும்.

கிளம்பி இரண்டே நாள் ஆகியிருந்தது. கலாபகோஸுக்கு மேற்கே 200 மைல் தூரம். காலை பத்து மணி அளவில் கொலைத் திமிங்கலங்கள் படகின் அடியில் மோதின. டூகல் உள்ளே தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தபோது கடல் உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. கையில் கிடைத்ததைத் திணித்து அடைக்கப் பார்த்தார். பயனில்லை. ஓரிரு நிமிடங்களில் படகு போய்விட்டது.

ஓரிரு நிமிடங்கள் என்பது மிகைப்படுத்திய கூற்றா என்று சிலர் ஐயப்படுவதுண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓட்டை இருந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 220 லிட்டர் உள்ளே வரும். நல்ல கைப்பம்பை வலுவான ஆள் விடாமல் இயக்கினாலும் அதில் பாதியை வெளியேற்றுவதே கடினம். ஒரு மீட்டர் ஆழத்தில் ஓர் அடி நீளமும் ஓர் அடி அகலமும் உள்ள ஓட்டை என்றால் நிமிடத்துக்கு 14 டன். லூசெட்டின் மொத்த எடையே 19 டன். உள்ளே தண்ணீர் புகாதபடி பிரிக்கும் தடுப்புச் சுவர்கள் இல்லாத உடலில், அந்தத் தண்ணீர் முன்னும் பின்னும் தங்கு தடையின்றி ஓடும். ஓரிரு நிமிடங்கள் என்பது முழுக்க நம்பக்கூடியதே.

இந்தக் கணக்கைக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய ஓட்டைக்கு எதிராகப் பம்பு ஒரு பாதுகாப்பே அல்ல. பெட்டிகளைத் திறந்து பொருள்களைத் தேடி எடுக்கவும் நேரம் இருக்காது. அந்த நிமிடத்தில் எது மேல்தளத்தில், கை எட்டும் தூரத்தில், ஒரே வெட்டில் அவிழும்படி இருக்கிறதோ அதுதான் மிஞ்சும்.

லூசெட்டின் மேல்தளத்தில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று காற்றடைத்த உயிர்காப்பு மிதவை. வழியில் நட்பான ஒரு படகுக் குடும்பம் கொடுத்தது, பழையது. இன்னொன்று எட்னமேர் என்று பெயரிட்ட ஃபைபர் டிங்கி. இரண்டும் அவிழ்ந்தன. ஆறு பேரும் மிதவையில் ஏறினார்கள். அடுப்படிக் கத்தி ஒன்று டிங்கிக்குள் வந்து சேர்ந்தது. ஒரு பை வெங்காயம், பிஸ்கட் டின், சில ஆரஞ்சுகள், எலுமிச்சைகள், லின்னின் தையற்கூடை, மிதந்து வந்த ஒரு பாய். இவற்றோடு மிதவையின் பையில் சில நாட்களுக்கான தண்ணீரும் உணவும். பதினாறு மாதங்கள் சேர்த்த வீட்டுப் பொருள்களில் எஞ்சியது அவ்வளவுதான்.

அந்தக் கத்தி இல்லாவிட்டால், பின்னாளில் அவர்களுக்கு உணவான கடலாமைகளை அறுத்திருக்க முடியாது.

38 நாட்கள்

முதல் பெரிய முடிவு திசையைப் பற்றியது. 200 மைல் பின்னால் கலாபகோஸ் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காற்றும் நீரோட்டமும் மேற்கு நோக்கித் தள்ளுகின்றன. மிதவையை இழுத்துக்கொண்டு அவற்றை எதிர்த்துக் கிழக்கே போக இயலாது. மேற்கே மார்க்கேசஸ் இன்னும் 2,800 மைல். டூகல் வடக்கைத் தேர்ந்தெடுத்தார். பூமத்திய ரேகைக்கு வடக்கே, இரு அரைக்கோளக் காற்றுகளும் சந்திக்கும் அமைதி மண்டலத்தில் மழை கொட்டும். அதே அகலாங்குகளில் கிழக்கு நோக்கிப் போகும் எதிர் நீரோட்டம் ஒன்று மத்திய அமெரிக்கக் கரையை நோக்கிக் கொண்டுபோகும். முதலில் தண்ணீர், பிறகு கரை. வணிகக் கப்பலில் கற்ற நீரோட்ட அறிவு அவருடைய தலைக்குள் இருந்தது. அதை எந்த அலையாலும் அடித்துச் செல்ல முடியவில்லை. இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் தருணம் இதுதான். பக்கத்தில் இருப்பதாகத் தெரிந்த நிலத்தை நம்பாமல், மழை எங்கே பெய்யும் என்று எண்ணிய மனம்.

துடுப்பை மரமாக நட்டு, பாய்த்துணியை வெட்டிக் கட்டி, எட்னமேரை இழுவைப் படகாக்கினார்கள். டிங்கி இழுக்க மிதவை பின்னால் வந்தது. ஏழாம் நாள் ஒரு கப்பல் தெரிந்தது. அபாயத் தீச்சுடர்களைக் கொளுத்திக் காட்டினார்கள். கப்பல் நிற்காமல் போய்விட்டது. அன்றுதான், யாராவது வந்து மீட்பார்கள் என்பதை விட்டுவிட்டு, தாங்களே கரை சேர வேண்டும் என்ற மனநிலைக்கு டூகல் வந்தார்.

மிதவையின் நிலை நாளுக்கு நாள் மோசமானது. காற்று கசிந்தது. இரவும் பகலும் ஊத வேண்டியிருந்தது. அடியில் தண்ணீர் ஊறி, உட்கார்ந்திருந்தவர்களின் தோலைப் புண்ணாக்கியது. இரண்டு வாரங்களைச் சற்றே தாண்டியதும் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. பழைய மிதவை என்று மேலே சொன்னதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். உயிர்காப்பு மிதவை என்பது மடித்து வைத்த ரப்பர் துணி. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மடிப்பில் வெடிக்கும், ஒட்டு விடும். அதை வாங்கிய நாளில் யாரும் அதற்குள் இரவு தங்கிப் பார்ப்பதில்லை.

அதன்பிறகு ஆறு பேரும் மூன்று மீட்டர் டிங்கியில். நீர்மட்டத்துக்கும் படகின் விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ ஆறு அங்குலம். ஒருவர் இடம் மாற வேண்டுமென்றால் மற்ற ஐவரும் தங்கள் எடையைச் சரி செய்துகொள்ள வேண்டும். சுக்கான் பிடிப்பவர் ஒரு கணம் அயர்ந்தாலும் பக்கவாட்டு அலை உள்ளே வரும். இந்த நிலையில் மூன்று வாரங்கள்.

மழை வந்தது. மழைநீரைப் பாயில் பிடித்துச் சேர்த்தார்கள். ஆமைகள் தாமாகவே டிங்கியை உரசிக்கொண்டு வந்தன. கவிழ்த்து உள்ளே இழுத்து, இறைச்சியைத் துண்டு போட்டு வெயிலில் காய வைத்தார்கள். ஆமை இரத்தத்தைக் குடித்தார்கள். கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுத்துப் புண்ணில் தடவினார்கள். பறக்கும் கோலா மீன்கள் இரவில் தாமே வந்து விழுந்தன. டொராடோ மீன்களைக் குத்திப் பிடித்தார்கள்.

லின் செய்தது தனியாகச் சொல்லப்பட வேண்டியது. டிங்கியின் அடியில் மழைநீர் தேங்கும். ஆமை இரத்தமும் கழிவும் கலந்த அந்தத் தண்ணீரை வாயால் குடித்தால் வாந்தி வரும், உடலில் உள்ள நீரும் போய்விடும். ஆனால் அதில் உப்பு குறைவு. பெருங்குடல் நீரை உறிஞ்சும் என்பது செவிலியருக்குத் தெரியும். ஒரு குழாயைத் தயார் செய்து அந்தத் தண்ணீரை எனிமாவாகக் கொடுத்தார். கடல்நீரில் இதைச் செய்யக் கூடாது. உப்பு உடலின் நீரை வெளியே இழுத்துவிடும். எது பயன்படும், எது கொல்லும் என்று பிரித்தறியும் ஒருவர் அந்தப் படகில் இருந்தார். குடும்பப் பயணத்துக்குக் கிளம்புபவர்கள் மருந்துப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எண்ணுவதோடு, யாருடைய தலையில் என்ன இருக்கிறது என்றும் எண்ண வேண்டும்.

38ஆம் நாள், ஜூலை 23 அன்று, பனாமா நோக்கிப் போய்க்கொண்டிருந்த தோகா மாரு 2 என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் அவர்களைக் கண்டு தூக்கிக்கொண்டது. அதுவரை 750 மைலுக்கு மேல் கடந்திருந்தார்கள். கோஸ்டா ரிகா கரை இன்னும் 290 மைல் அளவில் இருந்தது. அந்த நேரத்தில் அவர்களிடம் காய்ந்த இறைச்சியும் நல்ல தண்ணீரும் இருப்பு இருந்தன. இரவில் துடுப்புப் போட்டுக் கரையை எட்டும் திட்டமும் தயாராக இருந்தது. மீட்கப்படாமல் இருந்திருந்தாலும் அவர்கள் கரை சேர்ந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

மற்ற மூன்று படகுகள்

ஒரே நிகழ்வை வைத்துத் தீர்ப்பு எழுதினால் தவறும். அதனால் அருகில் வைத்துப் பார்க்க மூன்று.

முதலாவது, ஆரலின். 1973 மார்ச் 4, கலாபகோஸுக்கு அருகிலேயே. மாரிஸ் பெய்லி, மாராலின் பெய்லி என்ற தம்பதியின் 31 அடி பிளைவுட் படகைத் திமிங்கலம் ஒன்று மோதி உடைத்தது. ஆனால் அது மூழ்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களால் உணவு, தண்ணீர் என்று நிறைய எடுத்துக்கொள்ள முடிந்தது. மிதவையும் ரப்பர் டிங்கியுமாக 118 நாட்கள் தாங்கி, ஜூன் 30 அன்று தென்கொரிய மீன்பிடிக் கப்பலால் மீட்கப்பட்டார்கள். இந்த இரு தம்பதியரையும் பிரித்தது படகின் அளவல்ல, மூழ்க எடுத்த நேரம். அதை எந்த வாங்குபவராலும் தேர்ந்தெடுக்க முடியாது.

இரண்டாவது, சீக்கி ராஃபிகி. 40 அடி நவீன ஃபைபர் படகு. 2014 மே மாதம் கரீபியனிலிருந்து இங்கிலாந்து திரும்பும் வழியில், அட்லாண்டிக் நடுவில், படகை நிமிர்த்தி வைக்கும் ஏரா (கீல்) என்னும் கனமான அடிப்பகுதி உடலிலிருந்து கழன்று, படகு கவிழ்ந்தது. நான்கு பேரும் இறந்தார்கள். முன்பு பலமுறை தரைதட்டியதும் அதற்குச் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கட்டமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் கடல்விபத்து விசாரணை அமைப்பு கருதியது. கவிழ்ந்த உடல் கடலில் கண்டுபிடிக்கப்பட்டபோது, உயிர்காப்பு மிதவை அதன் இருப்பிடத்திலேயே கட்டியபடி இருந்தது. இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, மிதவை இருக்கிறதா என்ற கேள்வியோடு மிதவை எங்கே இருக்கிறது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்கிறேன்.

மூன்றாவது, அதே 2014 ஏப்ரல். மெக்சிகோவிலிருந்து லூசெட் தேடிய அதே தென்பசிபிக் தீவுகளை நோக்கி, 36 அடிப் படகில் இரண்டு சிறு குழந்தைகளோடு ஓர் அமெரிக்கக் குடும்பம் போனது. கரையிலிருந்து ஏறத்தாழ 900 மைல் தொலைவில் ஒரு வயதுக் குழந்தைக்கு உடல்நிலை மோசமானது. படகிலும் பழுது. செயற்கைக்கோள் தொலைபேசியில் உதவி கேட்டார்கள். விமானத்திலிருந்து மீட்பு வீரர்கள் பாராசூட்டில் குதித்துப் படகில் ஏறி, குழந்தைக்குச் சிகிச்சை தந்தார்கள். சில நாட்களில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று குடும்பத்தை ஏற்றிக்கொண்டது. படகைக் கடலுக்கே விட்டுவிட்டார்கள். குழந்தைகளைக் கடலுக்குக் கொண்டுபோனதற்காக அந்தப் பெற்றோரைப் பலர் ஏசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேவைப்பட்ட கருவி அவர்களிடம் இருந்தது, வேலை செய்தது, படகைவிடக் குழந்தை பெரிது என்று உடனே முடிவெடுத்தார்கள். டூகலுக்கு 38 நாட்கள் கிடைக்காத உதவி அவர்களுக்குச் சில நாட்களில் வந்தது.

திமிங்கல மோதல் பழங்கதை என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கடற்கரைகளிலும் ஜிப்ரால்டர் நீரிணையிலும் கொலைத் திமிங்கலங்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைத்து வருகின்றன. சில படகுகள் மூழ்கியும் விட்டன. மத்தியதரைக் கடலில் பழைய படகு வாங்கி அட்லாண்டிக்குக்குக் கொண்டுபோக நினைப்பவர் அந்த நீரிணையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

விலை பேசும் முன்

இனி, இந்த நிகழ்விலிருந்து ஒரு பழைய படகை நான் எப்படிப் பார்ப்பேன் என்பது.

உடலைப் பார்க்கத் தகுதியான சர்வேயர் வேண்டும். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கித்தான் பார்க்க வேண்டும். தரைதட்டியிருக்கிறதா, எங்கே, யார் பழுது பார்த்தார் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். ஃபைபர் உடலில் ஈரம் ஏறியிருக்கிறதா, மேல்தளத்தின் உள்ளடுக்கு ஊறிப் போயிருக்கிறதா, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பத்து வயதைக் கடந்தவையா, அவை உடலில் பிணைக்கப்பட்ட தகடுகள் அலமாரிக்குப் பின்னால் கண்ணில் படாமல் துருப்பிடிக்கின்றனவா என்பதெல்லாம் வழக்கமான பட்டியல். எல்லாச் சர்வேயர்களும் இதைச் செய்வார்கள். உடலில் துளையிட்டுப் பொருத்திய வால்வுகளைப் பற்றி மட்டும் ஒன்று கூடுதலாகச் சொல்வேன். சாதாரணப் பித்தளை வால்வு கடல்நீரில் தன் துத்தநாகத்தை இழந்து, பார்ப்பதற்கு முழுதாகவும் தொட்டால் பொடிந்தும் போகும். ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் அந்த அளவுக்குச் செதுக்கிய மரமுளை ஒன்று கயிற்றில் தொங்க வேண்டும்.

சர்வேயர் எழுதித் தரும் அறிக்கையில் பாதுகாப்புக் கருவிகளுக்குக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிகள் இருக்கும். அங்கிருந்துதான் நான் தொடங்குவேன்.

மிதவையின் பெட்டி மேல் கடைசியாகச் சோதித்த தேதி ஒட்டியிருக்கும். தேதி கடந்திருந்தால் அந்த மிதவைக்கு விலையில் மதிப்பே கொடுக்கக் கூடாது. சோதனை நிலையத்தில் அதை விரித்து ஊதும் நாளில் குடும்பமே போய்ப் பார்க்க அனுமதி கேட்கலாம். எப்படி விரிகிறது, எந்தப் பக்கம் ஏறுவது, உள்ளே என்ன இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு அன்று தெரிந்துவிடும். மிதவை கீழே அறைக்குள் இருந்தால் மேலே கொண்டுவர வேண்டும். வீட்டில் பலம் குறைந்தவரால் அதைத் தூக்கிக் கடலில் தள்ள முடிகிறதா என்று துறைமுகத்தில் வைத்தே முயன்று பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால், தானே விடுபடும் பூட்டு பொருத்திய தாங்கி வேண்டும்.

அடுத்தது, செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் கருவி. லூசெட்டின் காலத்தில் அப்படி ஒரு முறையே இல்லை. காஸ்பாஸ் சர்சாட் என்ற பன்னாட்டு ஏற்பாடு முதல் மீட்பைக் கண்டது 1982இல். பழைய படகோடு வரும் கருவியில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் வேலை செய்யும் பழைய கருவி. 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை. விளக்கு எரியும், யாருக்கும் செய்தி போகாது. 406 மெகாஹெர்ட்ஸ் கருவிதான் வேண்டும். இன்னொன்று, கருவி நல்லதாகவே இருந்தாலும் அது பழைய உரிமையாளரின் பெயரில் பதிவாகியிருக்கும். ஆபத்தில் நீங்கள் அழுத்தினால் மீட்பு மையம் அவரை அழைக்கும். அவர் தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்துகொண்டு, நான் படகை விற்றுவிட்டேன் என்பார். உங்கள் படகில் எத்தனை பேர், எங்கே போகிறீர்கள், எத்தனை குழந்தைகள் என்று சொல்ல ஆளில்லாமல் அந்த நேரம் வீணாகும். பணம் கைமாறிய அன்றே பதிவை மாற்ற வேண்டும். பேட்டரி காலாவதித் தேதியையும் அன்றே பார்க்க வேண்டும்.

படகை விட்டு வெளியேறும்போது கையோடு எடுத்துக்கொள்ளும் பை ஒன்று, படிக்கட்டுக்குப் பக்கத்தில். அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை: தண்ணீர், கையால் இயக்கும் உப்புநீக்கி, கத்தி, தூண்டில், புதிய தீச்சுடர்கள், கையடக்க வானொலி, மருந்து. ராபர்ட்சன் குடும்பத்துக்குக் கத்தி வந்து சேர்ந்தது கடைசி நிமிடச் சமயோசிதத்தால். அடுத்த குடும்பத்துக்கு அப்படி நேரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பண விஷயத்தில் ஒன்றே ஒன்று. கையிருப்பு முழுவதையும் படகுக்குக் கொடுத்துவிட்டால், மேலே சொன்னவை எல்லாம் அடுத்த துறைமுகம், அடுத்த வருடம் என்று தள்ளிப் போகும். மூன்று அடி சிறிய படகை வாங்கி மிச்சப்படும் தொகையில் புதிய மிதவையும் கருவியும் வாங்குவதே மேல். கூடத்தில் ஒரு இருக்கை குறைந்தால் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள்.

கடைசியாக டிங்கி. பெரும்பாலான குடும்பங்கள் இப்போது மடக்கி வைக்கும் ரப்பர் டிங்கியையே விரும்புகின்றன. இடம் மிச்சம், கரைக்குப் போக வசதி. அமைதியான குடாவில் அது போதும். ஆழ்கடலுக்குப் போகும் குடும்பத்துக்குக் கெட்டியான உடலுள்ள டிங்கி ஒன்று மேல்தளத்தில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மிதவை ஓரிடத்தில் காத்திருப்பதற்காகச் செய்யப்பட்டது. டிங்கிக்குப் பாய் கட்டலாம், சுக்கான் பிடிக்கலாம், ஒரு திசையில் போகலாம். ஆமை ஓடு உரசினாலும் கிழியாது. தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காதபடி அதற்கு மிதவைப் பெட்டிகள் இருக்க வேண்டும். பாயும் சிறு மரமும் அதற்குள்ளேயே கட்டி வைத்திருக்க வேண்டும்.

எட்னமேர் பின்னாளில் கார்ன்வாலில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அந்த அருங்காட்சியகம் இருப்பது, லூசெட் கிளம்பிய அதே ஃபால்மத்தில். படங்களில் பார்த்தாலே அதில் மூன்று பேர் வசதியாக உட்கார முடியாது என்று தெரிகிறது.

படகைப் பார்க்கப் போகும் நாளில் விற்பவரிடம் டிங்கியை இறக்கச் சொல்லுங்கள். குடும்பம் முழுவதும் அதில் ஏறி உட்காருங்கள். அடியில் நாற்பது லிட்டர் தண்ணீர்க் கேன்களையும் வையுங்கள். பிறகு நீர்மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று அளவுகோலை வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பெரிய படகின் விலையைப் பேசலாம்.